அவன் எழுத, நான் படிக்க

நவம்பர் 9, ஞாயிறு

என் பெயர் காளியண்ணன். இதை நானே எழுதுகிறேன்.

மேலே உள்ளதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தேன். எழுதினது எழுதினபடியே இருக்கிறது.

எழுபது வயது வரைக்கும் நான் கைநாட்டு. திருச்செங்கோட்டில் ஆழ்குழாய்க் கிணறு போடும் வண்டியில் வேலை பார்த்தேன். வண்டியோடு வடக்கே எத்தனையோ ஊர்கள் போயிருக்கிறேன். ஓர் ஊரின் பெயர்ப் பலகையைக்கூடப் படித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் வயதானவர்களுக்கு நடக்கும் சாயங்கால வகுப்பில் சேர்ந்த பிறகுதான் எழுத்து வந்தது. செல்வராணி டீச்சர் சொல்லி அனுப்பினார்: "பேசற மாதிரி எழுதாதீங்க. புத்தகத்துல இருக்கற மாதிரி எழுதுங்க. எழுதாம உட்டுட்டா கை மறந்துரும்." அதனால்தான் இந்த நோட்டு. மருமகள் தாரணி வாங்கிக் கொடுத்தாள். தாள் வெண்ணெய் மாதிரி வழுக்குகிறது.

நான் இருக்கும் ஊர் ஜப்பானில் கவாசாகி. என் மகன் லோகநாதன் இங்கே இயந்திரம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறான். இப்போது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். தைப்பொங்கல் நோம்பிக்குள் அவனை ஊருக்குக் கூட்டி வர வேண்டும் என்று என் மனைவி பாவாயி சொல்லி அனுப்பியிருக்கிறாள். அதற்குத்தான் வந்திருக்கிறேன்.

கை வலிக்கிறது. நல்ல வலி.

நவம்பர் 10, திங்கள்

குளிர். தாரணி லோகுவின் கம்பளிச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். எனக்குப் பெரிதாக இருக்கிறது. இப்போது அவன் போட்டால் இன்னும் பெரிதாக இருக்கும்.

நவம்பர் 12, புதன்

இரண்டு வருடத்துக்கு முன்னால் லோகுவின் தொண்டையில் கட்டி என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை இருக்கிறது. மூச்சு அதன் வழியாகப் போய் வருகிறது. பேச்சு இல்லை. அன்று முதல் போனில் எழுதித்தான் அனுப்புவான். எனக்கும் பாவாயிக்கும் படிக்கத் தெரியாது. மளிகைக் கடைக்காரரிடம் போனை நீட்டுவோம். ஒரு நாள் அவன், 'அம்மா, ராத்திரியானா பயமா இருக்குது' என்று எழுதியிருந்தான். கடைக்காரர் எண்ணெய் ஊற்றிக்கொண்டே அதைக் கடையில் நின்ற எல்லார் காதிலும் விழும்படி படித்தார். பாவாயி எண்ணெயை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். மறுநாள் நான் வகுப்பில் சேர்ந்தேன். அவளையும் கூப்பிட்டேன். "ஊட்டுக்கு ஒருத்தரு படிச்சாப் போதும். நீங்க படிங்க, நாங் கேட்டுக்கறேன்" என்றாள்.

நானாகப் படித்த அவனுடைய முதல் பேச்சு, 'அப்பா சாப்டீங்களா.' அதைத் தெருவில் பாதிப் பேருக்குக் காட்டினேன்.

இன்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். வண்டியில் வேலை செய்தவனுக்கு மெதுவாகப் பேச வராது. அந்த இரைச்சலில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை.

"லோகூ! வலிக்குதா சாமீ!"

"மாமா, மெதுவாப் பேசுங்க. அவருக்குக் காது நல்லாக் கேக்குதுங்க" என்றாள் தாரணி.

"பேச்சு இல்லீல்ல அம்மிணி?"

"பேச்சுதானுங்க இல்ல. காதுக்கு என்ன கேடு?"

லோகுவிடம் ஒரு கறுப்புப் பலகை இருக்கிறது. குச்சியால் எழுதினால் பச்சையாகத் தெரியும். பொத்தானை அமுக்கினால் எல்லாம் அழிந்துவிடும். அதில் எழுதி என்னிடம் காட்டினான்: 'நீங்க பேசறது அம்மாவுக்கே கேட்டிருக்கும். போன் பண்ண வேண்டியதில்ல.'

எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்துவிட்டேன். சிரித்தேன். அதுவும் சத்தமாகத்தான் வந்தது.

நவம்பர் 14, வெள்ளி

பாவாயி போனில் முகம் பார்த்துப் பேசினாள். மகனுக்காக வாசல் பக்கம் ஓர் அறை கட்டுகிறாள். குனிய முடியாதவனுக்கு உட்கார்ந்து போகிற கக்கூஸ் வேண்டும் என்று அதையும் வாங்கிவிட்டாள். பெட்டியைப் பிரிக்காமல் அதன் மேல் மஞ்சள் தடவி வைத்திருப்பதைக் காட்டினாள். கக்கூசுக்கு மஞ்சள் தடவிய ஆள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

அவள் பேசினாள். லோகு எழுதினான். நான் படித்தேன்.

"ஏனுங்க, சட்டுனு படிங்க. அவன் எழுதறதுக்குள்ள எனக்கு வயசாயிரும்போல. நீங்க படிக்கறதுக்குள்ள செத்தே போயிருவேன்."

"இரு, கண்ணாடி நழுவுது."

"'அம்மா, முட்டங்கால் வலி தேவலையா'ங்கறான்" என்று படித்தேன்.

பாவாயி முழங்காலைத் தடவிக்கொண்டாள். பிறகு, "நீங்க படிக்கறப்ப அவங் கொரலாட்டவே இருக்குதுங்க" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் பரிசு எதுவும் நான் வாங்கியதில்லை.

நவம்பர் 17, திங்கள்

டாக்டரிடம் நானே கேட்டேன். தாரணி அதை அவர்கள் பாஷையில் மாற்றிச் சொன்னாள். எப்போது ஊருக்குக் கூட்டிப் போகலாம் என்பதுதான் கேள்வி. டாக்டர் வெகுநேரம் பேசினார். நெஞ்சுப் படம் ஒன்றை வெளிச்சத்தில் காட்டினார். நடுவில் ஒரு முறை தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருந்தார். மறுபடியும் பேசினார். தாரணி தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

"என்ன சொல்றாரு அம்மிணி?"

"பாக்கலாங்கறாரு மாமா."

ஜப்பான் பாஷை நீளமான பாஷை. அவ்வளவையும் தமிழில் ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்.

நவம்பர் 18, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை. தாரணி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் உள்ளே இருந்தாள். வெளியே வந்தபோது தலை நனைந்திருக்கவில்லை. இந்த ஊரில் தண்ணீருக்குப் பஞ்சம் இல்லை.

நவம்பர் 20, வியாழன்

நல்ல செய்தி. சனிக்கிழமை சாயங்காலம் லோகுவை வெளியே கூட்டிப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எங்கே வேண்டுமானாலும் போகலாமாம். என்ன வேண்டுமானாலும் சாப்பிடலாமாம்.

"பாத்தியா அம்மிணி? தேறிட்டான். இல்லீன்னா உடுவாங்களா?"

தாரணி அவனுடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போட்ட சட்டைக்கே மறுபடியும் போட்டாள்.

எங்கே போகலாம் என்று கேட்டதற்கு லோகு, 'அப்பாகூட சினிமா. அப்பறம் சாப்பாடு' என்று எழுதினான். நானும் அவனும் சேர்ந்து சினிமாவுக்குப் போனதே இல்லை. அவன் வளர்ந்த காலமெல்லாம் நான் வண்டியோடு எங்கேயோ இருந்தேன்.

ஊரில் கிடாயைக் கோயிலுக்குக் கொண்டு போகும் நாளில் குளிப்பாட்டி மாலை போடுவார்கள். இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. அழிக்கலாம் என்றால் மையால் எழுதிவிட்டேன்.

நவம்பர் 22, சனி

சினிமாக் கொட்டகை ஒரு பெரிய கடைக் கட்டடத்தின் உச்சியில் இருக்கிறது. லோகுவைச் சக்கர நாற்காலியில் வைத்து நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். கூடவே மூச்சுக்குச் சின்னதாக ஒரு காற்றுச் சிலிண்டர். வெளியே போகிறவர்களுக்கு அதைக் கொடுப்பது வழக்கமாம். தொப்பி வைத்து, கழுத்தில் துணி சுற்றி, மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

உள்ளே பஞ்சு மெத்தை இருக்கை. லோகு நடுவில், நான் ஒரு பக்கம், தாரணி ஒரு பக்கம். விளக்கு அணைந்தது. விசில் இல்லை, கைதட்டல் இல்லை. சாவு வீட்டில்கூட இதைவிடச் சத்தம் இருக்கும். பாவாயி கொடுத்துவிட்ட முறுக்கை மடியில் வைத்திருந்தேன். பையைப் பிரித்தேன். வெடி வைத்த மாதிரி கேட்டது.

"மாமா!" என்றாள் தாரணி.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊராக இருந்தால் நாலு பேர் கையை நீட்டியிருப்பார்கள்.

படத்தில் இரண்டு கிழவிகள். அக்கா தங்கை போலிருக்கிறது. ஒரே கடையில் உட்கார்ந்துகொண்டு ஒருவரோடு ஒருவர் பேசாமல் வியாபாரம் செய்கிறார்கள். அக்கா ஒரு பொருளை எடுத்து வைத்தால் தங்கை அதை இடம் மாற்றி வைக்கிறாள். பாஷை தெரியாவிட்டாலும் எனக்கு எல்லாம் புரிந்தது. எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பவர்கள் தோள்தான் குலுங்குகிறது, சத்தம் இல்லை. பக்கத்தில் லோகுவின் தோளும் அப்படியே குலுங்கியது. அந்தக் கொட்டகையில் இருந்த எல்லாரும் என் மகன் மாதிரியே இருந்தார்கள். அவன் அவர்கள் மாதிரியே இருந்தான். நான் ஒருவன்தான் வேறு மாதிரி.

ஏனென்றால் அந்த அக்கா தண்ணீர் வாளியோடு வழுக்கி விழுந்ததும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என் சிரிப்பு மட்டும் தனியாகப் போய்ச் சுவரில் முட்டித் திரும்பி வந்தது. வெட்கமாகிவிட்டது. துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

லோகு துண்டை இழுத்து எடுத்தான். பலகையில் எழுதினால் அந்த இருட்டில் எனக்குத் தெரியாது. அதனால் என் உள்ளங்கையை விரித்துப் பிடித்து விரலால் எழுதினான். ஒரு எழுத்து. துடைத்தான். இன்னொரு எழுத்து.

சி. ரி.

கண்ணில்லாமல் படித்தேன். எத்தனை படித்தவர்கள் இப்படிப் படித்திருப்பார்கள்? அதன் பிறகு படம் முடியும் வரை நான் சத்தமாகவே சிரித்தேன். எனக்கு முன்னால் இருந்த ஒரு அம்மாளும் துணிந்து சிரித்தார்.

பாதியில் எழுந்து நின்றேன்.

"எங்க மாமா?"

"எடவேள எப்ப உடுவாங்க?"

"இங்க எடவேளையே கெடையாதுங்க."

"அப்ப ஒண்ணுக்கு?"

"போயிட்டு வாங்க."

"நான் வர்ற வரைக்கும் படத்த நிறுத்தி வெப்பாங்களா?"

"நிறுத்த மாட்டாங்க. யாருக்காகவும் நிறுத்த மாட்டாங்க மாமா. உக்காருங்க, இல்ல போங்க."

நான் உட்கார்ந்துகொண்டேன். லோகு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

சாப்பாட்டுக் கடையைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். விரல் மரத்துவிட்டது.

நவம்பர் 23, ஞாயிறு

சாப்பாட்டுக் கடையில் ஆள் பரிமாறவில்லை. பூனை மாதிரி முகம் வைத்த ஒரு இயந்திரம் தட்டுகளைச் சுமந்துகொண்டு தானாக உருண்டு வந்தது. மேசை அருகில் நின்று பேசியது. நான் எழுந்து கும்பிட்டேன்.

"அதுக்குப் போயி கும்புடறீங்களே மாமா."

"சோறு போடறது யாரா இருந்தா என்ன அம்மிணி?"

எனக்கு வறுத்த கோழியும் சோறும். தாரணிக்கு ஒரு கிண்ணம் சேமியா மாதிரி. லோகுவுக்கு ஆவியில் வேகவைத்த முட்டை. அது மட்டும்தான் அவனுக்கு இறங்கும். இரண்டு கரண்டி சாப்பிட்டான். இருமல் வந்தது. தாரணி கழுத்துத் துணியை விலக்கித் துடைத்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பலகையை எடுத்தான்.

'அம்மா கூப்புடுவாங்க. இன்னைக்குச் சொல்லிரலாம்.'

"என்னத்தச் சாமி?"

'நான் ஊருக்கு வர்றதில்லீங்கப்பா. நெஞ்சுக்கும் பரவிருச்சு. பிளேன்ல ஏத்த மாட்டாங்க. மிஞ்சிப் போனா தை வரைக்கும்.'

நான் படித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"இந்தக் கோழியில காரமே இல்ல அம்மிணி. மொளகாப்பொடி கேளு" என்றேன்.

அப்போது பாவாயி கூப்பிட்டாள். அங்கே பால் கறக்கும் நேரம்.

"சினிமாப் பாத்தீங்களா? எங்க அவன்? காட்டுங்க. அடியாத்தீ, தொப்பியெல்லாம் போட்டுத் தொரையாட்டம் இருக்கறான்! சாப்டியா சாமி? அந்த ஊர்ச் சோறு ஒத்துக்குதா? இங்க வா, ஆத்தா ஆக்கிப் போடறேன்."

லோகு எழுதி என் பக்கம் திருப்பினான். பலகையில் இருந்தது இது:

'அம்மா, என்னால ஊருக்கு வர முடியாது. எனக்குன்னு ரூம் கட்ட வேண்டாம். அழுவாதீங்க.'

நான் படித்தது இது:

"'அம்மா, தைக்கு வந்தர்றேன். ரூமு முடிஞ்சுதா?'ங்கறான்."

பாவாயி போனோடு ஓடினாள். திரையில் தரையும் வானமும் சுழன்றன. புது அறையைக் காட்டினாள். சுவர் பூசியாகிவிட்டது. கதவு மாட்டியாகிவிட்டது.

"கதவுக்கு என்ன பெயிண்டு அடிக்கட்டும்னு கேளுங்க. அவனுக்குப் புடிச்சதே அடிக்கலாம்."

லோகு என்னைப் பார்த்தான். பொத்தானை அமுக்கி அழித்துவிட்டு, 'அப்பா' என்று மட்டும் எழுதினான்.

"'நீலம்'ங்கறான்" என்று படித்தேன்.

தாரணி தலையைக் குனிந்துகொண்டாள். லோகு பலகையைக் கவிழ்த்து வைத்தான். பாவாயி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்தப் பூனை வந்து தட்டுகளை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனது. அதற்கும் குரல் இருக்கிறது.

கோழி நன்றாக இருந்தது.

நவம்பர் 24, திங்கள்

ஆஸ்பத்திரி. லோகு ஜன்னல் பக்கம் பார்த்துப் படுத்திருந்தான். பலகை மேசை மேல் இருந்தது. எடுத்துக் கையில் கொடுத்தேன். திரும்ப மேசை மேல் வைத்துவிட்டான். நானே பேசிக்கொண்டிருந்தேன். மழை வருமா என்றேன். இங்கே தண்ணீர் எத்தனை அடியில் இருக்கும் என்றேன்.

தாரணி என்னை வெளி நடைக்குக் கூட்டி வந்தாள்.

"அத்தைகிட்ட ஏன் மாத்திப் படிச்சீங்க?"

"எழுத்து சரியாத் தெரியல அம்மிணி. நான் இப்பத்தானே படிக்கறேன்."

"உங்களுக்கா தெரியல? இருட்டுக்குள்ள கையில எழுதினதையே படிச்சீங்களாமா. நேத்து எங்கிட்ட எழுதிக் காட்டினாரு."

நான் சுவரில் ஒட்டியிருந்த ஜப்பான் எழுத்தைப் பார்த்தேன்.

"ஒரு மாசமா எதை எப்படிச் சொல்றதுன்னு அவரு எழுதி எழுதி அழிச்சிட்டிருந்தாரு மாமா. எங்கிட்டச் சொல்லச் சொல்லலாம். டாக்டரு சொல்லலாம். அவரு எல்லாம் வேண்டாம்னுட்டாரு. அப்பா படிச்சா அம்மாவுக்கு நாஞ் சொன்னாப்பல இருக்கும்னு சொன்னாரு."

எழுபது வருடம், தெரியாது என்று சொல்லக் கூசினேன். இன்று தெரிந்ததைத் தெரியாது என்றேன். அது வாயில் சுலபமாக வந்தது.

நவம்பர் 25, செவ்வாய்

காலையில் பாவாயி என் போனுக்கே கூப்பிட்டாள். நீலப் பெயிண்டு வாங்கிவிட்டாளாம். லோகு தைக்கு வருகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டதாம். சேந்தமங்கலத்திலிருந்து அவள் தங்கை குடும்பத்தோடு வருகிறாளாம். கோயிலுக்குக் கிடாய் பேசிவிட்டாளாம்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்? எப்பவும் காதக் கிழிப்பீங்க."

"இங்க மெதுவாத்தான் பேசோணும்" என்றேன்.

லோகு இன்றும் எழுதவில்லை. நர்ஸ் கேட்பதற்கு மட்டும் எழுதிக் காட்டுகிறான், அவர்கள் பாஷையில். அதை எனக்குப் படிக்கத் தெரியாது.

நவம்பர் 26, புதன்

இதை நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன்.

இன்று போனவுடன் பலகையை அவன் மடியில் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். "எழுது சாமி. நீ என்ன எழுதினாலும் படிக்கறேன்" என்றேன். அவனுக்கு மூச்சு வாங்கியது. எழுதாமல் என்னையே பார்த்தான். பிறகு எழுதினான்.

'நீங்க மாத்திப் படிச்சா எனக்கு வாயே இல்லீங்கப்பா.'

மனதுக்குள் படித்தேன். அவன் விரலால் என் உதட்டைத் தொட்டான். வாய்விட்டுப் படிக்க வேண்டும். படித்தேன். என் குரல் பெரிய குரல். நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

தாரணி பாவாயியைக் கூப்பிட்டுப் போனைச் சாய்த்து வைத்தாள். பாவாயி கையெல்லாம் நீலமாக இருந்தாள். பெயிண்டுக்காரன் இரண்டாம் பூச்சுக்கு நாளை வருகிறேன் என்றதால் தானே அடித்துக்கொண்டிருக்கிறாளாம்.

லோகு எழுதினான். நான் படித்தேன்.

"'அம்மா. அன்னைக்கு அப்பா மாத்திப் படிச்சுட்டாரு. எனக்கு நோவு நெஞ்சுக்குப் போயிருச்சு. இனி சரியாகாது. ஊருக்கு வர முடியாது. இங்கியே தாரணிகூட இருந்துக்கறேன்.'"

"என்ன படிக்கறீங்க? கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாருங்க."

"தொடச்சுட்டேன் பாவாயி."

"மறுக்காப் படிங்க."

மறுபடியும் படித்தேன். ஒரு சொல்லும் விடவில்லை, ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. படிக்கும்போது லோகு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடும் கூடவே அசைந்தது.

போனில் பாவாயியின் முகம் இல்லை. கூரை மட்டும் தெரிந்தது. எங்கோ ஒரு வாளி உருண்டது. அவள் அழுகிற சத்தம் வரவில்லை. நான் கத்தவில்லை. காத்திருந்தேன். லோகுவின் கழுத்தில் மூச்சு போய் வருகிற சத்தம் கேட்டது. தாரணி அவன் கால்மாட்டில் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு கூரையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"உங்களுக்கு டிக்கெட்டு என்னைக்கி?"

"மார்கழி பொறக்கறப்ப."

"வேண்டாம்னு சொல்லிருங்க. நீங்க வராதீங்க. அங்கியே இருங்க."

"பாவாயி, நீ அங்க ஒத்தையில..."

"என்னப் பாக்கறதுக்கு இங்க ஊரு இருக்குது. நீங்க கெளம்பி வந்துட்டா அவஞ் சொல்றத எனக்கு யாருங்க படிக்கறது?"

சரி என்றேன். அது சத்தமாக வரவில்லை. மறுபடியும் சொன்னேன்.

முகம் திரும்பி வந்தது. கன்னத்தில் நீலம் அப்பியிருந்தது. லோகுவை நன்றாகப் பார்த்தாள். அவன் குனிந்திருந்தான். குச்சி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

"இப்ப என்ன சொல்றான்?" என்றாள்.

"பொறு. இன்னும் எழுதிட்டிருக்கறான்" என்றேன்.